‘நாங்கள்தானே உன்னைக் கூப்பிட்டு எடுத்தது’

எனக்கு அப்போது 16 வயது. பாரிஸ் புறநகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிறந்தநாள் விழா. 50 பேராவது இருந்திருப்பார்கள். குசினிக்குள் ஒரு அக்கா நின்றார். ரோல்ஸ் பொரித்தார், கோப்பை கழுவினார், சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தினார். இரவு பதினொரு மணிக்குக் கேக் வெட்டி எல்லாரும் படம் எடுத்தபோதும் அவர் வெளியே வரவில்லை.

"ஆர் அம்மா அந்த அக்கா?"

"ஊரில இருந்து வந்தவா. இவையோடதான் நிக்கிறா. இவைதான் கூப்பிட்டு எடுத்தது."

அதோடு கதை முடிந்தது. அந்த அக்கா அடிமையாக இருந்தாரா? எனக்குத் தெரியாது. நல்ல சம்பளத்தோடு, சந்தோஷமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "உங்கட பேர் என்ன அக்கா?" என்றுகூடக் கேட்கவில்லை. அங்கே இருந்த பெரியவர்களும் கேட்கவில்லை. ‘கூப்பிட்டு எடுத்தது’ என்ற இரண்டு சொல்லே எங்கள் எல்லாருடைய வாயையும் மூடப் போதுமாக இருந்தது.

இந்தப் பதிவு அந்த இரண்டு சொல்லைப் பற்றியது. லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: அடிமைத்தனத்தில் இருந்து தப்பி வரும் ஒருவருக்குப் பேப்பரையும் படுக்கையையும் அரசாங்கம் கொடுக்கலாம். சனத்தை அதனால் கொடுக்க முடியாது. சனம் நாங்கள். ஒருவருக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கதவைச் சாத்துவதும் நாங்கள்தான்.

பள்ளிக்கூடத்தில் படித்தது

பிரான்சில் படித்த எல்லாருக்கும் 1848 தெரியும். ஏப்ரல் 27, அடிமை முறை ஒழிப்பு ஆணை. அதன் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் வகுப்பில் வேகமாகத் தாண்டிப் போவார்கள். குவாதலூப், மார்த்தினிக், ரெயூனியோன் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து தமிழர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். ஒப்பந்தத்தில் ‘சுதந்திரமான தொழிலாளி’ என்று எழுதியிருந்தது. வேலை அதே தோட்டத்தில், பெரும்பாலும் அதே முதலாளியிடம். சொல் மாறியது, கடன் கணக்கு வந்தது, கைவிலங்கு மட்டும் போனது.

இன்றைக்கும் முறை அதுதான். சங்கிலியைத் தேடினால் காண மாட்டீர்கள். பாஸ்போர்ட் யாருடைய அலுமாரியில் இருக்கிறது, ஏஜென்சிக் காசை யார் கட்டினார், அந்தக் கடன் ஏன் குறையவே இல்லை, சம்பளத்தை யார் எண்ணி எடுக்கிறார், இவர் தனியாக வெளியே போனால் யாருக்குக் கோபம் வருகிறது, இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தடவை தப்பி, திரும்பிப் போனவர்

பிரான்சில் இந்த விஷயத்தின் சட்டத்தையே மாற்ற வைத்த வழக்கு ‘சிலியாடின் எதிர் பிரான்ஸ்’. அதில் ஒரு இடம் எங்கள் ஆட்கள் எல்லாரும் படிக்க வேண்டியது.

1994 ஜனவரியில் டோகோவில் இருந்து 15 வயதுப் பெண் பாரிசுக்கு வருகிறார். பேச்சு இதுதான்: விமான ரிக்கெற் காசு கழியும்வரை வீட்டு வேலை செய்வது, பேப்பரை அவர்கள் எடுத்துக் கொடுப்பது, பள்ளிக்கூடம் அனுப்புவது. வந்தவுடன் பாஸ்போர்ட் பறிபோகிறது. பிறகு இன்னொரு தம்பதிக்கு அவரை ‘இரவல்’ கொடுக்கிறார்கள். காலை ஏழரையில் இருந்து இரவு பத்தரை வரை வேலை, வாரம் ஏழு நாளும். சம்பளம் இல்லை. குழந்தையின் அறையில் தரையில் மெத்தை.

1995 டிசம்பரில் அவர் தப்பிவிடுகிறார். ஹெயிட்டியைச் சேர்ந்த ஒருவர் தன் வீட்டில் சேர்க்கிறார். ஒழுங்கான அறை, ஒழுங்கான சாப்பாடு, மாதம் 2,500 பிராங் சம்பளம். ஐந்தாறு மாதம் மனிசராக வாழ்கிறார்.

அதற்குப் பிறகு திரும்பிப் போகிறார். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்தத் தம்பதி அவருடைய தகப்பன் வழி உறவினர் ஒருவரோடு கதைத்திருக்கிறார்கள். "பேப்பர் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் போகச் சொன்னார், இவர் போனார். பேப்பர் வரவில்லை. பழைய வேலை, பழைய மெத்தை.

1998இல் அவர் ஒரு அயலவரிடம் விஷயத்தைச் சொல்கிறார். அந்த அயலவர் சிசிஇஎம் எனப்படும் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான குழுவுக்கு அறிவிக்கிறார். அவர்கள் அரச வழக்கறிஞருக்கு அறிவிக்க, பொலிஸ் வருகிறது.

அவரைத் திருப்பி அனுப்பியது சொந்தக்காரரின் ஒரு சொல். வெளியே எடுத்தது ஒரு அயலவரின் ஒரு போன். இந்த இரண்டில் நாங்கள் எந்தப் பக்கம்? எத்தனை வீட்டில் "சரி, நடந்தது நடந்துபோச்சு, நாலு பேருக்குத் தெரியாமல் கதைச்சுத் தீர்ப்பம்" என்று பெரியப்பாமார் சமாதானம் பேசியிருக்கிறார்கள்? அந்தச் சமாதானத்துக்கு இந்த வழக்கில் விலை இன்னும் இரண்டு வருஷம்.

பிரெஞ்சு நீதிமன்றங்களும் பெருமைப்படும்படி நடக்கவில்லை. மேல்முறையீட்டில் அந்தத் தம்பதியை விடுதலை செய்தார்கள். கடைசியில் 2003இல் தொழில் நீதிமன்றம் நிலுவைச் சம்பளமாக 31,238 யூரோ கொடுக்கச் சொன்னது. 2005 ஜூலை 26 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பிரான்சின் சட்டம் போதவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 2012இல் புருண்டியைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள் வழக்கில் பிரான்ஸ் மறுபடியும் குட்டு வாங்கியது. அந்தச் சகோதரிகளை வேலை வாங்கியது சொந்த உறவினர் வீடு. 2013 ஆகஸ்ட் 5 சட்டத்துக்குப் பிறகுதான் கட்டாய வேலைக்கு 7 வருஷம், அடிமைநிலையில் வைத்திருப்பதற்கு 10 வருஷம், முழு அடிமையாக்குவதற்கு 20 வருஷம் என்று தண்டனைச் சட்டத்தில் தனித்தனியாக எழுதினார்கள்.

"அது ஆப்பிரிக்கர்களிட்ட நடக்கிறது"

இந்த வசனத்தை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்கள் மெல்பர்னைப் பார்க்கட்டும்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பெண் 2007இல் ஒரு மாத விசாவில் அவுஸ்திரேலியா போனார். அவரை வேலைக்கு வைத்திருந்தது ஒரு தமிழ்க் குடும்பம். மூன்று பிள்ளைகளைப் பார்த்தார், சமைத்தார், கழுவினார். ஒரு நாளைக்குக் கொடுத்தது 3 டொலர் சொச்சம் என்று நீதிமன்றத்தில் வந்தது. 2015 ஜூலையில் அவரை அம்புலன்சில் ஏற்றியபோது எடை 40 கிலோ. உடம்பின் வெப்பநிலை 28.5 பாகை. ஆஸ்பத்திரியில் கொடுத்தது பொய்ப் பெயர். ஊரில் இருந்த மருமகன் ஏற்கனவே பொலிசைக் கேட்டிருந்ததால்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். 2021 ஜூலையில் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் மனைவிக்கு 8 வருஷமும் கணவனுக்கு 6 வருஷமும் சிறை விதித்தது.

எட்டு வருஷம். அது நாடு தெரியாத காட்டுக்குள் நடக்கவில்லை, எங்களுடையதைப் போன்ற ஒரு புறநகரில் நடந்தது. அந்த எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் எத்தனை பிறந்தநாள் வந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். யாராவது ஒரு பிள்ளை "ஆர் அந்த அம்மா?" என்று கேட்டிருக்கும். அதற்கும் என்னைப் போல ஒரு பதில் கிடைத்திருக்கும்.

சொந்த மொழி பாதுகாப்பு என்று நினைக்கிறோம். பொறியாகவும் அது இருக்கலாம். 2023இல் ஷாம்பாஞ் திராட்சை அறுவடையில் 50க்கும் மேற்பட்ட மேற்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை மோசமான இடத்தில் அடைத்து வேலை வாங்கினார்கள். 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் அதை ஆட்கடத்தல் என்றே தீர்ப்பளித்தது. ஆட்களைச் சேர்த்த விளம்பரம் அவர்களுடைய சொந்தச் சமூகத்து வாட்ஸ்அப் குழுவில் போயிருந்தது. அந்நியன் கூப்பிட்டால் நாலு கேள்வி கேட்போம். எங்கட ஆள் கூப்பிட்டால் பெட்டியைக் கட்டுவோம்.

கதவு திறந்த பிறகு

படங்களில் பொலிஸ் வந்து கதவை உடைத்ததும் கதை முடியும். உண்மையில் மிகக் கஷ்டமான பகுதி அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் வெளியே வருகிறார். கையில் பாஸ்போர்ட் இல்லை. கடிதம் வர ஒரு முகவரி இல்லை. முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. மெத்ரோவில் தனியாகப் போய்ப் பழக்கம் இல்லை. பல்வலியை மூன்று வருஷமாகத் தாங்கியிருக்கிறார். இரவில் நித்திரை வராது. ஊரில் அம்மா போன் எடுத்து, "காசு ஏன் வரேல்லை? அவை இஞ்ச வந்து சத்தம் போடினம்" என்கிறார். கடன் காணியின் மேல் நிற்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் தீர்த்தால் மற்றவை அவரைத் திரும்ப இழுத்துப்போகும். பேப்பர் இல்லை என்ற ஒரே ஒரு ஓட்டை போதும், அந்த டோகோப் பெண் திரும்பிப் போக அதுதான் காரணம்.

அதனால்தான் சிசிஇஎம் போன்ற அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்கின்றன. 1994இல் தொமினிக் தொரெஸ் என்ற பத்திரிகையாளர் பாரிசில் தொடங்கிய அமைப்பு அது. வழக்கறிஞர், சமூகப் பணியாளர், மனநல உதவி, தங்க இடம், பிரெஞ்சு வகுப்பு என்று ஒரே ஆளுக்குப் பல கை வேண்டும் என்பது அவர்களுடைய அனுபவம். ஆளை ஆபத்தான ஊரில் இருந்து தூர ஊருக்கு மாற்ற வேண்டுமென்றால் ‘அக்சே’ என்ற வலையமைப்பு 2001இல் இருந்து இருக்கிறது. இது பிச்சை போடும் வேலை இல்லை. இவர் உழைத்த சம்பளத்தைத் தொழில் நீதிமன்றத்தில் கேட்டு வாங்குவதும் இந்த உதவிக்குள் அடக்கம்.

பிரெஞ்சு அரசாங்கத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஆட்கடத்தலில் பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்தால் ஒரு வருஷக் கார்ட் கிடைக்கும், வழக்கு நடக்கும்வரை புதுப்பிக்கலாம். குற்றவாளிக்குக் கடைசியாகத் தண்டனை கிடைத்தால் 10 வருஷக் கார்ட். முடிவெடுக்க 30 நாள் அவகாசமும் உண்டு. காகிதத்தில் நல்லது. ஆனால் அதன் அர்த்தம் என்ன? உன் உயிரைக் காப்பாற்ற முதலில் நீ சாட்சி சொல்ல வேண்டும். ஊரில் உன் குடும்பத்தை அடையாளம் தெரிந்தவர்களுக்கு எதிராக, 30 நாளுக்குள், நித்திரை வராத தலையோடு. வழக்கு தோற்றால் உன் நிலைமை உனக்கு. காயப்பட்டவருக்கு மருந்து கொடுக்கக் குத்தியவனைப் பிடிக்கும்வரை காத்திருப்போமா?

இந்தியாவிலும் இதே கோளாறு உண்டு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 கொத்தடிமைகளை மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் படம் அப்போது எல்லாருடைய போனிலும் வந்தது. நாங்கள் அழுதோம், பகிர்ந்தோம், மறந்தோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சம், மிக மோசமான நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். ஆனால் உடனே கையில் வந்தது 20,000. பெரும் பங்கு முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டப்பட்டிருந்தது. அதுவரை அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும்? இன்னொரு இடத்தில் முன்பணம் வாங்கும். அங்கே ஒரு நல்ல விஷயமும் நடந்தது: மீட்கப்பட்டவர்களே சேர்ந்து சங்கம் வைத்தார்கள். தாங்கள் பட்டதைப் படுகிற அடுத்த குடும்பத்தை அவர்களே தேடிப் போகிறார்கள். காலில் விழுந்த படத்தைவிட நாங்கள் பகிர வேண்டியது அந்தச் சங்கத்தின் படம்.

எங்கள் சாக்குகள்

"எல்லாரும் அப்பிடிக் கஷ்டப்பட்டுத்தான் வந்தது." உண்மை. என் அப்பாவும் ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவியவர்தான். ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்தவர்தான். ஆனால் அவர் பிடிக்காத முதலாளியை விட்டு அடுத்த தெருவுக்குப் போனார். சம்பளத்தை அவரே எண்ணினார். கஷ்டத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு விஷயம்: போக முடியுமா? அப்பாமாரின் கஷ்டத்தைக் காட்டி இன்னொருவரின் சிறையை மூடுவது அப்பாமாருக்கே அவமரியாதை.

"எங்கட சனத்தின்ர பேர் கெட்டுப்போகும்." பேரைக் கெடுப்பது செய்தவர். சொன்னவர் இல்லை. கோயில் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடும் சனம் நாங்கள். அத்தனை பேர் கூடியும் ஒரு ஆளுக்கு நியாயம் கேட்க முடியாவிட்டால் அந்தப் பேரை வைத்து என்ன செய்வது?

"சாப்பாடும் இடமும் குடுத்தவை, நன்றி வேணும்." சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நாங்கள் எல்லாரும் செய்ந்நன்றி அறிதல் படித்திருக்கிறோம். நல்ல பாடம். ஆனால் நன்றி என்பது வாங்கியவர் மனதில் தானாக வருவது. கொடுத்தவர் அதைக் கணக்கு எழுதி, வட்டி போட்டு, ஒருவரின் பத்து வருஷத்தால் கழிக்கச் சொன்னால் அதற்குப் பெயர் நன்றி இல்லை, அடைமானம்.

இந்தச் சாக்குகளின் விளைவைப் பாருங்கள். தப்பி வந்தவருக்கு அறை தேட வேண்டும். அறை எங்கட ஆளிடம். வேலை தேட வேண்டும். வேலையும் எங்கட ஆளிடம். கோயிலுக்குப் போனால் அதே முகங்கள். லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போனால், "அவவோ? தன்னை வச்சுப் பாத்தவையிலயே வழக்குப் போட்டவா" என்று பின்னால் ஒரு குரல். பிறகு அவர் லாச்சப்பல் பக்கமே வருவதில்லை. தமிழ் கேட்காத ஒரு ஊரில், தமிழ் சாப்பாடு இல்லாமல், தனியாக இருக்கிறார். குற்றம் செய்தவர் கல்யாண வீட்டில் முன்வரிசையில் இருக்கிறார்.

நீங்கள் செய்யக்கூடியது

வீரம் காட்டச் சொல்லவில்லை. முதலாளியிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். வீடியோ எடுத்து ரிக்ரொக்கில் போடாதீர்கள். நீங்கள் லைக் வாங்குவீர்கள், அடி அவருக்கு விழும், ஊரில் அவருடைய குடும்பத்துக்கும் விழும்.

முதலாவது, கதையுங்கள். பெயரைக் கேளுங்கள். அவர் தனியாக நிற்கும்போது, "அக்கா, லீவு நாளில என்ன செய்வியள்?" என்று கேளுங்கள். லீவே இல்லை என்றால் உங்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, முடிவு அவருடையது. "சிசிஇஎம் எண்டு ஒரு இடம் இருக்கு, இரகசியமாக் கதைக்கலாம், விரும்பினால் நான் கூட வாறன்" என்று சொல்லிவிட்டு விடுங்கள். வருஷக்கணக்காக மற்றவர்கள் முடிவெடுத்த வாழ்க்கை அது. நீங்களும் முடிவெடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தாமதம் வேண்டாம், 17. பேச முடியாத நிலையில் 114க்குக் குறுஞ்செய்தி. பிள்ளைகள் என்றால் 119.

மூன்றாவது, உங்களிடம் உள்ளதைக் கொடுங்கள். நாங்கள் பன்னிரண்டு வயதில் இருந்து அப்பா அம்மாவின் கடிதங்களை மொழிபெயர்த்த பிள்ளைகள். பிரெபெக்சர் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். பிரெஞ்சும் தமிழும் தெரிந்த ஒருவர் டொக்டரிடம் கூடப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் பொலிசிலும் நீதிமன்றத்திலும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரே இருக்கட்டும். நீங்கள் கேட்டது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக்கூட வரக்கூடாது. ஒரு சொல் வெளியே போனால் அவர் இருக்கும் இடம் லாச்சப்பல் முழுக்கத் தெரிந்துவிடும்.

நாலாவது, அவர் திரும்பி வரும்போது இடம் விடுங்கள். கோயிலில் பக்கத்தில் இருங்கள். பின்னால் யாராவது குசுகுசுத்தால், "அவ தான் உழைச்ச காசைத்தான் அன்ரி கேட்டவா" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சங்கங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் கட்டக் காசு சேர்க்கின்றன, நல்லது. அதே சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, இங்கே தப்பி வரும் ஒருவருக்கு மூன்று மாத அறை வாடகை கொடுக்க நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். ஏன் இல்லை என்று அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.

அந்தக் குசினியில் நின்ற அக்காவுக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அம்மாவிடம் போன மாதம் கேட்டேன். அம்மாவுக்கும் அவருடைய பெயர் தெரியவில்லை. அடுத்த பிறந்தநாள் விழாவில் நீங்கள் குசினிக்குள் போய்ப் பாருங்கள். அங்கே யாராவது நின்றால், முதலில் பெயரைக் கேளுங்கள்.